சொந்தப் பொறுப்பில்

"கீழே கையொப்பமிடும் நான், மேற்படி சேவை நிலையத்திலிருந்து பயன்படுத்திய ஒயிலை எனது சொந்தத் தேவைக்காகவும் எனது சொந்தப் பொறுப்பிலும் பெற்றுக்கொண்டேன் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

இந்த வாக்கியத்தை எழுதியவன் நான். "இத்தால்" என்ற சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒரு பிற்பகல் முழுவதும் யோசித்தது நினைவிருக்கிறது. எழுதி முடித்தபோது எனக்குள் ஒரு சிறிய பெருமை உண்டாயிற்று. அந்தப் பெருமையை இப்போது சொல்வதற்குக் கூச்சமாக இருந்தாலும், சொல்லாமல் விடுவது முறையாகாது.

மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் திரு. தவராசா அவர்களின் வாகனச் சேவை நிலையம் இருக்கிறது. டிப்பர்களும் உழவு இயந்திரங்களும் அங்கே கழுவப்பட்டு ஒயில் மாற்றப்படும். நான் அங்கு மூன்று ஆண்டுகள் எழுதுவினைஞனாகப் பணிபுரிந்தேன். கடிதங்கள் எழுதுவது, உரிமங்களைப் புதுப்பிப்பதற்கான படிவங்களை நிரப்புவது ஆகியவை என் வேலைகள். இயந்திரங்களிலிருந்து வடித்த கறுத்த ஒயில் பின்புறத்திலிருந்த பெரிய இரும்புப் பரல்களில் நிரம்பிக்கொண்டிருக்கும். அத்தகைய ஒயிலை உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நிறுவனத்தின் லொறி தெற்கிலிருந்து வர வேண்டும். இருபது பரல்கள் சேராமல் அது வராது.

ஆனால் நிலையத்துக்குப் பின்னால் சிறு மண் பாதையாக இருந்த ஒழுங்கையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒயில் கழிவாகத் தோன்றவில்லை. எங்கள் மண்ணில் கறையானுக்குத் தப்பிய மரம் அரிது. வேலிக்கட்டைகளின் அடியிலும் கூரை வளைகளிலும் பழைய ஒயிலைப் பூசினால் இரண்டு மாரி தாங்கும். ஆகவே நிலையம் தொடங்கிய நாளிலிருந்தே அவர்கள் கலன்களோடு வந்து கேட்பார்கள். முதலாளியும் மனமுவந்து கொடுப்பார். அதனால் அவருக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது.

நான் சேர்ந்து ஓர் ஆண்டு கழிந்து வந்த உரிமக் கடிதத்தில், கழிவு எவரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதற்குப் பதிவொன்றைப் பேணுமாறு ஒரு நிபந்தனை இருந்தது. நான் அதை முதலாளியிடம் பணிவுடன் எடுத்துச் சொன்னேன்.

"பதிவுதானே கேக்கினம்? பதிஞ்சு வையும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "அவையவையின்ர பொறுப்பு எண்டும் ஒரு சொல்லுப் போட்டுவிடும், நிரஞ்சன்" என்றார்.

கடிதத்தில் அந்த நிபந்தனைக்கு முந்தைய பந்தியில் இருந்த "உரிமம் பெற்ற" என்ற சொற்களை நான் வாசிக்காமல் இருக்கவில்லை. வாசித்தேன். பதிவேடு ஒழுங்காக இருந்தால் மற்றவையும் ஒழுங்காகிவிடும் என்று எண்ணினேன். தடித்த அட்டை போட்ட கொப்பி ஒன்றை வாங்கி, அடிக்கோல் வைத்து நிரல்கள் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அந்த வாக்கியத்தை எழுதினேன். இடப்பக்கம் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்துக்கு. வலப்பக்கம் ஒப்படைத்தவரின், அதாவது என்னுடைய கையொப்பத்துக்கு.

முதல் நாள், கலன்களோடு வந்தவர்கள் நான் கொப்பியோடு போட்டிருந்த மேசையைக் கண்டதும் தாமாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள். வரிசையின் நடுவில் நின்ற கமலாசனி அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, குடும்ப அட்டை கொண்டு வரவேணுமோ?" என்று கேட்டார்.

வாகனம் கழுவிக்கொண்டிருந்த மாயாண்டி அண்ணை குழாயை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அக்கா, உது ஒயில். பருப்பும் மாவும் குடுக்கேல்லை."

"எனக்கென்னடாப்பா தெரியும்? மேசை போட்டுக் கொப்பி வைச்சால் அட்டை கேப்பினம்தானே."

"போன மாரி ஓட்டைக் கூரைக்குத் தறப்பாள் தந்தவை, அதுக்கே நாலு இடத்தில கையெழுத்து" என்றார் வரிசையின் முன்னால் நின்ற சின்னராசா ஐயா. அவர் கோயில் நிர்வாகத்தின் தலைவர். ஒழுங்கையில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவர் பேனையை வாங்கி மூன்று வரிகளில் கையொப்பமிட்டார்.

"ஐயா, ஒருவருக்கு ஒரு வரிதான்" என்றேன்.

"எனக்கு ஒண்டு, தங்கச்சிக்கு ஒண்டு, பக்கத்து வளவு விதுசனுக்கு ஒண்டு. அவன் வயலுக்குப் போட்டான். எல்லாம் ஒரே ஒயில்தானே தம்பி."

மேலே எழுதியிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. நான் மனம் வருந்தினேன். உண்மையைச் சொன்னால், வாக்கியத்தின் அழகை எவரும் கவனிக்கவில்லையே என்றுதான் வருந்தினேன். போர் முடிந்து முகாமில் இருந்தபோது பாய்க்கும் நுளம்பு வலைக்கும், பிறகு தகரத்துக்கும் சீமெந்துக்கும், காணாமற்போனவர்களைப் பற்றிய விண்ணப்பங்களுக்கும் கையொப்பமிட்டுப் பழகியவர்கள் அவர்கள். நின்று வாசித்தவர்களுக்கு வரிசை தவறிப்போன காலத்தைக் கடந்து வந்தவர்களிடம் வாசியுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஆவணி மாதத் திருவிழாவுக்கு முன்னர் சின்னராசா ஐயா முதலாளியிடம் வந்தார். திருவிழாவுக்கு வரும் வாகனங்களால் ஒழுங்கையில் புழுதி எழும்புகிறது, இரண்டு பரல் ஒயில் தந்தால் ஊற்றிப் புழுதியை அடக்கிவிடலாம் என்றார். முதலாளி நான்கு பரல்கள் கொடுத்தார். அவற்றுக்கும் நான் கையொப்பம் வாங்கினேன். ஒழுங்கை நீளத்துக்கும் ஒயில் ஊற்றி மேலே மணல் தூவினார்கள். அந்த ஆண்டு புழுதி எழவில்லை. ஒலிபெருக்கியில் உபயகாரர்களின் வரிசையில் முதலாளியின் பெயரும் வாசிக்கப்பட்டது.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒழுங்கை ஒரு முனையில் உயர்ந்து மறுமுனையில் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த முனையில் இருந்தது கமலாசனி அக்காவின் வளவு. ஐந்து நாள் மழையில் ஒழுங்கையின் தண்ணீர் முழுவதும் அவருடைய முற்றத்தில் நின்று, உயரம் குறைந்த கிணற்றுக்கட்டைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது.

அக்கா கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்து வீதியோரச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் தம் மகள் தேனுகாவை வளர்த்து வவுனியாவில் மணம் செய்து கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்காக மகள் அப்போது தாய் வீட்டுக்கு வந்திருந்தார். கிணற்றில் ஏதோ சேர்ந்திருக்கிறது என்பதை அக்காவுக்கு முதலில் சொன்னவர் கடைக்காரர்தான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கட இடியப்பம் டிப்பர் மணக்குது" என்று சொல்லிப் பெட்டியோடு திருப்பி அனுப்பினாராம்.

அக்கா ஒரு போத்தலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேரே நிலையத்துக்கு வந்தார். தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை படர்ந்து நிறங்காட்டியது. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒருக்கா இறைச்சு விடுங்கோ அக்கா. சரிவரும்."

மூன்று முறை இறைத்தார்கள். அடுத்த மழைக்கு மீண்டும் வந்தது. அக்கா மீண்டும் வந்தபோது, "நீங்களும் கொண்டுபோய்க் குசினிக் கூரைக்குப் பூசினனீங்கள்தானே? அதுதான் வடிஞ்சிருக்கும்" என்றார் முதலாளி. குரலில் கோபம் இருக்கவில்லை. "நிரஞ்சன், அந்தக் கொப்பியை எடும்." நான் எடுத்துக் கொடுத்தேன். பதினேழாவது வரியில் அக்காவின் கையொப்பம் இருந்தது.

அக்கா அதைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம், தேனுகாவைக் கொண்டு ஒரு முறைப்பாட்டை எழுதுவித்து மாவட்டச் சுற்றாடல் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

தை பிறந்து சில நாட்களில் அங்கிருந்து றிம்ஸியா என்ற உத்தியோகத்தர் வந்தார். ஒழுங்கையை மேலிருந்து கீழாக நடந்து பார்த்தார், குச்சியால் மண்ணைக் கிளறினார், கிணற்றையும் பார்த்தார். பிறகு நிலையத்துக்கு வந்து, ஒயிலை ஒப்படைத்தமைக்கான ஆவணங்களைக் கேட்டார். நான் பதிவேட்டை இரு கைகளாலும் நீட்டினேன்.

அவர் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். "இதை ஆர் எழுதினது?"

"நான்தான், மிஸ்."

"வடிவா எழுதியிருக்கிறீங்கள். இதில இருக்கிற நாப்பத்து மூண்டு பேரில ஒருத்தருக்காவது உரிமம் இருக்கோ?"

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு, "மிஸ், முதல்ல இருங்கோ. கேட்டு வந்த சனத்துக்குக் குடுத்தனான். வித்தனானோ? ஒரு சதம் வாங்கேல்லை. பொறுப்பெடுத்துக் கையெழுத்தும் வைச்சிருக்கினம்" என்றார்.

"கையெழுத்து வைச்சால் பொறுப்புக் கைமாறாது" என்றார் றிம்ஸியா மிஸ். நின்றபடியேதான் பேசினார். "கழிவு உங்கட தொழிலில வந்தது. உரிமமுள்ள ஆள் வந்து எடுக்குமட்டும் அது உங்கடதான். இலவசமாக் குடுத்தாலும் உங்கடதான். அந்தக் கிணத்தைத் துப்புரவாக்கிறதும் ஒழுங்கை மண்ணை வழிச்செடுக்கிறதும் உங்கட கடமை. சட்டம் அப்படித்தான்."

"அப்ப இதை வாங்கி ஊத்தினவை?" என்றார் முதலாளி.

றிம்ஸியா மிஸ் பொய் சொல்லத் தெரிந்தவராக எனக்குப் படவில்லை. "உரிமமில்லாமல் வாங்கிக் கண்ட இடத்தில ஊத்தினதும் பிழைதான். வழக்கெண்டு போனால் நீதிமன்றம் அவையளையும் கேக்கலாம். ஆனால் நான் அவையளைத் தேடி வரேல்லை. நான் வந்தது உங்களிட்ட."

தண்ணீர் மாதிரி எடுப்பதற்குரிய போத்தல்களுடன் இரண்டு வாரத்தில் மீண்டும் வருவதாகவும், அதுவரை கிணற்றை இறைக்க வேண்டாமென்றும் சொல்லிவிட்டு, பதிவேட்டின் பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே முதலாளி சின்னராசா ஐயாவை அழைத்துத் தேநீர் கொடுத்தார். "எனக்கென்ன, ஒரு தண்டத்தைக் கட்டிப்போட்டு இருந்திடுவன். உங்கட நாப்பத்து மூண்டு சனமும் கோட்டுக்கு ஏறி இறங்கவேணுமே எண்டதுதான் எனக்குக் கவலை" என்றார். அவர் கண்களில் உண்மையாகவே கவலை தெரிந்தது.

"கோட்டோ?" சின்னராசா ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். "விதுசன் கனடாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவனுக்காக நானெல்லோ கையெழுத்து வைச்சனான்!"

மிஸ் அப்படிச் சொல்லவில்லை, அவர்களைத் தேடி வரவில்லை என்றுதான் சொன்னார் என்று எடுத்துரைக்க நான் வாயைத் திறந்தேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டேன்.

இரண்டு நாட்களுக்குள் ஒழுங்கை முழுவதும் செய்தி பரவிவிட்டது. கார்த்திகையிலிருந்து கமலாசனி அக்கா மேட்டில் இருந்த சின்னராசா ஐயாவின் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அங்கே கயிறும் இல்லை, வாளியும் இல்லை. "அறுந்துபோச்சுப் பிள்ளை. இனி மாங்குளத்துக்குப் போய்த்தான் வாங்கவேணும்" என்று ஐயா வீட்டுக்குள்ளிருந்தபடியே சொன்னாராம். அடுத்த வீட்டில் வாசல் படலையடியில் நாயைக் கட்டியிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டுப் பெண், வேலிக்கு அப்பால் நின்றவரோடு கதைப்பதுபோல உரத்துச் சொன்னார்: "வாங்கேக்க ஓடி வந்து வரிசையில நிண்டவா. இப்ப எல்லாரையும் கோட்டுக் கூட்டில ஏத்தப்போறாவாம்."

அந்த வாரத்தில்தான் தேனுகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையோடு வீடு திரும்பியபோது வீட்டில் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் இல்லை.

மாயாண்டி அண்ணை யாரிடமும் கேளாமல், நிலையத்தின் குழாய்க்கிணற்றிலிருந்து இரண்டு கலன்களில் தண்ணீர் பிடித்துச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் முதலாளி கண்டுவிட்டார்.

"மாயாண்டி, இப்ப நாங்கள் தண்ணி குடுத்தால், பிழையை ஒப்புக்கொண்ட மாதிரியெல்லோ வரும்?"

"ஒயில் குடுக்கேக்க கொப்பி வைச்சனீங்கள். தண்ணிக்கும் ஒரு கொப்பி வைச்சால் சரிவராதோ, முதலாளி?"

முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மாயாண்டி அண்ணைக்கு வேலை இருக்கவில்லை.

பிறகு முதலாளி என்னை அழைத்தார். "உமக்குத்தான் பக்குவமாக் கதைக்கத் தெரியும். ஒருக்காப் போய்ச் சொல்லும். முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தால் எல்லாருக்கும் நிம்மதி." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒப்படைத்தவர் எண்ட இடமெல்லாம் உம்மட கையெழுத்துத்தான் கிடக்கு. நீர் அரசாங்க வேலைக்கும் விண்ணப்பிச்சிருக்கிறீர். நான் உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

எனவே, அக்காவின் வீட்டுக்கு நான் ஊருக்காகப் போனேன் என்று சொல்வதற்கில்லை.

முற்பகல் நேரம். இடியப்பத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடி குசினிச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. அக்கா கதிரையொன்றைத் துடைத்து எனக்கு வைத்தார். வழியெல்லாம் நினைத்து வந்த சொற்களை ஒன்றும் விடாமல் சொன்னேன்: ஊரின் ஒற்றுமை, இளைஞர்களின் எதிர்காலம், வழக்குகளின் தாமதம். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"தம்பி, அந்த மிஸ் கதைச்சது எனக்குச் சார்பாத்தானே? என்ர கிணத்தை அவைதான் துப்புரவாக்கித் தரவேணும் எண்டு?"

"ஓம் அக்கா. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"அப்ப நீங்கள் ஏன் வந்திருக்கிறியள்?"

உள்ளிருந்து தேனுகா, "அம்மா, நீங்கள் விடாதேங்கோ. மிஸ் வருவா" என்றார்.

"வருவா" என்றார் அக்கா. "வந்து தண்ணி எடுத்துக்கொண்டு போவா. அது கொழும்புக்குப் போய் வரும். பிறகு கடிதம் வரும். பிறகு முதலாளி ஒரு லோயரைப் பிடிப்பார். பிள்ளைக்குப் பின்னேரம் தண்ணி வார்க்கவேணும், தேனு. அதுக்கு ஐயாவின்ர கிணத்தில வாளி வேணும்." என் பக்கம் திரும்பினார். "கடதாசி கொண்டு வந்திருப்பியள்தானே?"

கொண்டு போயிருந்தேன்.

"அப்ப எழுதுங்கோ."

"என்ன எண்டு எழுதட்டும் அக்கா?"

"தண்ணி நல்லாயிருக்கு எண்டு எழுதுங்கோ."

"முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் எண்டு மட்டும் எழுதினால் போதும்…"

"ஏன் எண்டு திருப்பிக் கேப்பினம். அந்த மிஸ் நேர்மையான பிள்ளை, கேக்காமல் விடாது. கிணத்துத் தண்ணி நல்லாயிருக்கு, மணமில்லை, நிறமில்லை, நானும் பிள்ளையும் குடிக்கிறம் எண்டு எழுதுங்கோ. சொல்லுற பொய்யை முழுசாச் சொல்லுவம்."

எழுதினேன். எழுத்துகள் வழக்கம்போல நேராகவே அமைந்தன. அக்கா தாளை வாங்கி, விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, உதடசைத்து வாசித்தார். வெகுநேரமாயிற்று. "'இத்தால்' எண்டால் என்ன தம்பி?" என்று கேட்டார்.

"இதன் மூலம்… எண்டு அர்த்தம். அது ஒரு வழக்கத்துக்குப் போடுறது."

"அப்ப அது தேவையில்லை. வெட்டிவிடுங்கோ."

வெட்டினேன். அவர் கையொப்பமிட்டார்.

அந்தக் கடிதம் அலுவலகக் கோவையில் சேர்ந்தபின் றிம்ஸியா மிஸ் தொலைபேசியில் என்னை அழைத்து, "இது அவ சொல்லி எழுதினதுதானா?" என்று ஒரு முறை மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அது உண்மைதான். நிலையத்துக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதன்பின் முதலாளி ஒருவருக்கும் ஒயில் கொடுப்பதில்லை. இருபது பரல் சேர்ந்ததும் லொறி வந்து ஏற்றிச் செல்கிறது. உரிமமும் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் இவை பின்னர் நடந்தவை.

அன்று, நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அக்கா, "இருங்கோ தம்பி. இவ்வளவு நேரம் கதைச்சுக் களைச்சுப் போனியள்" என்று சொல்லிவிட்டுத் தம் கிணற்றடிக்குப் போனார். கப்பி சத்தமிட்டது. சில்வர்ச் செம்பில் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து இரு கைகளாலும் நீட்டினார். அவர் முகத்தில் ஏளனம் எதுவும் இருக்கவில்லை. செம்பின் வாயில் தண்ணீர் வெயில் பட்டுப் பச்சையும் ஊதாவுமாக மினுங்கியது.

என் வாழ்நாளில் ஒரு வீட்டில் கொடுத்த தண்ணீரை நான் மறுத்ததில்லை.

"இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான், அக்கா" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. கிணற்றடியில் இரண்டு வாழைகள் நின்றன. அவற்றையும் தாண்டி, ஒன்றும் முளைக்காத வளவு மூலை வரை நடந்து போய், அந்தச் செம்புத் தண்ணீரை அங்கே ஊற்றிவிட்டு, கை கழுவுவதற்கு எங்கே போவதென்று தெரியாதவர்போலச் சற்று நேரம் அங்கேயே நின்றார்.